கைப்பேசியில் மறைந்த சிறு துளை

இன்று புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசி ஒன்றைக் கையிலெடுத்து அதன் விளிம்புகளைச் சுற்றிப் பார்ப்போமாயின், சில ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே தவறாது காணப்பட்ட வட்டமான சிறு துளை ஒன்று பலவற்றில் இல்லாதிருப்பதைக் காணலாம். ஹெட்போன் கம்பியைச் செருகும் அத்துளையைக் கடைக்காரர்கள் 'ஜாக்' என்று அழைப்பர். அதன் குறுக்களவு மூன்றரை மில்லிமீட்டர். ஒரு பெரிய பச்சைப் பட்டாணி நுழையாத அளவு. இத்துணைச் சிறிய துளை இருந்தால் என்ன, மறைந்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். ஆயினும் அத்துளை வழியாகப் பாட்டு மட்டும் வெளிவரவில்லை; வானொலியும் அதன் வழியாகவே கைப்பேசிக்குள் நுழைந்தது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி சிறிதன்று. அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

மராட்டிய மாநிலத்தில், புனே நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்தது நிக்டி. பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்ட இப்பகுதியை, சிவாஜி மன்னரும் துக்காராம் அடிகளும் சந்திப்பதைக் காட்டும் பக்தி–சக்திச் சிற்பத்தால் பலரும் அறிவர். ஆகுர்டி, போசரி, சாகன், தளேகாவ் ஆகிய தொழில் வட்டாரங்கள் அனைத்தும் இங்கிருந்து சென்றுவரத்தக்க தொலைவில் உள்ளன. தொழிற்சாலை வேலைக்கும் கணினி வேலைக்கும் வந்த தமிழர் பலர் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். ஓர் அறையில் மூவர் நால்வர் தங்குமிடத்தில், இரவு ஷிப்டு முடித்தவர் உறங்கும் வேளையில், மற்றவர் ஊரிலிருந்து வரும் அழைப்பையும் தமிழ்ப் பாட்டையும் செய்தியையும் காதோடு காதாகக் கேட்டாக வேண்டும். ஆதலின் ஹெட்போன் என்பது இங்கே ஆடம்பரப் பொருளன்று. கூடி வாழ்வதற்கு வேண்டிய பண்பாட்டுப் பொருள் எனலாம்.

முதற்கண் இத்துளையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இது கைப்பேசிக்காகப் பிறந்ததன்று. கம்பித் தொலைபேசிக்காகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களில் ஒருவர் இணைப்பை மற்றொருவர் இணைப்போடு சேர்க்க, பணியாளர் ஒருவர் பலகையின் முன் அமர்ந்து, முனையில் உலோகம் பொருந்திய கயிற்றைத் துளையிலிருந்து துளைக்கு மாற்றிச் செருகுவார். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் ஸ்கிரிப்னர் அமைத்த இணைப்பி மடக்குக் கத்தியின் சாயலில் இருந்தது. மடக்குக் கத்திக்கு ஆங்கிலத்தில் ஜாக்நைஃப் என்று பெயர். அது சுருங்கியே ஜாக் என்றாயிற்று. 'டிரங்க் கால்' பதிவு செய்து காத்திருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியோர்க்கு அப்பலகையும் கயிறும் புதியன அல்ல. அக்கால முனையின் குறுக்களவு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இன்றும் மின்கித்தார்களிலும் மேடை ஒலிபெருக்கிகளிலும் அதே அளவு வழங்கி வருகிறது.

வானொலிக்கும் காதில் பொருத்தும் கருவிக்கும் உள்ள உறவும் பழையதே. 1910ஆம் ஆண்டளவில் நத்தானியல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்நாளில் எங்கும் வழங்கிய எளிய படிகப் பெட்டிக்கு மின்சாரமும் வேண்டா, பேட்டரியும் வேண்டா. வானில் வரும் அலையின் ஆற்றலே காதுக்கருவியை மெல்ல ஒலிக்கச் செய்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வானொலிகள் வந்தபோது, சட்டைப்பையில் அடங்கும் பெட்டிக்கு ஏற்பத் துளையும் மூன்றரை மில்லிமீட்டராகச் சிறுத்தது. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் நடைவழி ஒலிநாடாக் கருவியை வெளியிட்டபின் இவ்வளவு உலகெங்கும் வேரூன்றிவிட்டது.

இனி அதன் அமைப்பை நோக்குவோம். செருகும் முனையைக் கூர்ந்து பார்த்தால் இரண்டோ மூன்றோ கறுப்பு வளையங்கள் தெரியும். அவை மின்சாரம் கடவாத பொருளால் ஆனவை. முனையைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனிப்பகுதி இடச் செவிக்கும், அடுத்தது வலச் செவிக்கும் உரியவை. எஞ்சியவற்றுள் ஒன்று இரண்டிற்கும் பொதுவான திரும்பு வழி. நான்கு பகுதிகள் இருந்தால் மற்றொன்று நாம் பேசும் மைக்குக்கு உரியது. கைப்பேசியினுள் எண்களாக இருக்கும் பாட்டு, ஒரு சில்லினால் ஏறியிறங்கும் மின்னோட்டமாக மாற்றப்பட்டு இம்முனை வழியே செல்கிறது. காதுக்கருவியினுள் இருக்கும் கம்பிச்சுருளும் காந்தமும் அம்மின்னோட்டத்தை மெல்லிய தகட்டின் அதிர்வாக மாற்றுகின்றன. இவ்வளவே இதன் இரகசியம். இடையில் பேட்டரியில்லை, ஒரு கருவியை மற்றொன்றோடு அறிமுகப்படுத்தும் சடங்கும் இல்லை. எந்நிறுவனத்தின் ஹெட்போனும் ஏறக்குறைய எக்கருவியிலும் பொருந்தும். கம்பி அறுந்தால் கடைத்தெருவில் பற்றவைத்துத் தருவாரும் உண்டு.

அவ்வாறாயின் இத்துளையை ஏன் நீக்கினர்? முதலில் நீக்கியது ஆப்பிள் நிறுவனம் என்று பலரும் கருதுவர். அது சரியன்று. சீனத்தின் ஒப்போ நிறுவனம் 2012லேயே மெல்லிய கைப்பேசியொன்றைத் துளையின்றி வெளியிட்டது. 2016ஆம் ஆண்டின் முற்பகுதியில் லீஈகோ, மோட்டோரோலா நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. எனினும் 2016 செப்டம்பர் 7ஆம் நாள் ஆப்பிள் தன் ஐபோன் 7ஐத் துளையின்றி அறிமுகம் செய்தபோதுதான் உலகம் இதனை ஒரு செய்தியாகப் பேசத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் துணைத்தலைவர் பில் ஷில்லர் இம்முடிவுக்குக் காரணமாகத் 'துணிவு' என்னும் சொல்லைக் கூற, அது பலரது நகைப்புக்கும் இலக்காயிற்று. அதே ஆண்டில் தன் கைப்பேசியில் துளை உண்டு என்று குறிப்பாக விளம்பரம் செய்த கூகுள், மறு ஆண்டே அதனை நீக்கியது. சாம்சங் 2019 ஆகஸ்டில் வெளியிட்ட நோட் 10 வரிசையில் நீக்கியது. விலையுயர்ந்த கருவிகளில் தொடங்கிய இவ்வழக்கம் பின்னர் இடைவிலைக் கருவிகளுக்கும் இறங்கி வந்தது. குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் துளை இன்னும் இருக்கிறது.

நிறுவனங்கள் கூறும் காரணங்களில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. துளையின் வாய் சிறிதேயாயினும், முனை முழுதும் உட்செல்ல ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். பேட்டரியும் கேமராவும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் போட்டியிடும் கருவிக்குள் அது பெரிய இடமே. நீர் புகாது காப்பதற்கும் திறப்புகள் குறைவது நலம் என்பர். ஆனால் 2016இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7 நீருக்குள் மூழ்கினும் தாங்கும் தரச்சான்று பெற்றிருந்தது. துளையும் அதில் இருந்தது. ஆகவே நீர்க்காப்பு என்பது முடிவான காரணமாகாது. மற்றொரு செய்தியையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். துளையை நீக்கிய அன்றே ஆப்பிள், கம்பியில்லாக் காதுக்கருவியாகிய ஏர்பாட்சை அறிவித்தது. ஐபோன் 7இன் பெட்டியில் இலவசமாக வைத்த மாற்று இணைப்பியை 2018இல் வந்த புதிய கருவிகளோடு நிறுத்தியது. 2020இல் கம்பி ஹெட்போனையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு பொருளில் குறைந்ததை மற்றொரு பொருளாக விலைகொடுத்து வாங்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

கம்பியின் இடத்தைப் பிடித்தது புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானலை முறை. 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வின் பயன் இது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், விநாடிக்கு 1,600 முறை வரை தடம் மாறித் தாவிக்கொண்டே செய்தியை அனுப்பும் ஆற்றல் உடையது. இதன் நன்மைகள் பல. இயந்திரங்களுக்கு அருகே வேலை செய்வோர்க்குத் தொங்கும் கம்பி சிக்கும் இடரில்லை. பேருந்து நெரிசலில் யாருடைய கைப்பையிலும் மாட்டிக்கொள்வதில்லை. சமையல் செய்துகொண்டே ஊரிலுள்ள தாயாரோடு பேசலாம். இவற்றை விரும்பி வாங்குவோரைக் குறைகூற வழியில்லை.

ஆயினும் வசதிக்கு விலை உண்டு. ஒவ்வொரு காதுக்கருவியினுள்ளும் ஒரு சிறு லித்தியம் பேட்டரி இருக்கிறது. சில நூறு முறை மின்னேற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். ஒட்டி மூடப்பட்ட கூட்டைத் திறந்து மாற்றுவது பெரும்பாலும் இயலாது. காதுக்கருவி நன்றாயிருக்கும்போதே பேட்டரி மடிந்துவிடுவதால் முழுதும் குப்பையாகிறது. கம்பி ஹெட்போனோ, நூறு இருநூறு ரூபாய்க்கு வாங்கியதாயினும், பேட்டரி தீர்ந்துவிட்டதே என்று ஒருநாளும் கைவிடுவதில்லை. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புவோர் கணக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இதுவரை கூறியவற்றைப் பலரும் அறிந்திருக்கலாம். இனிக் கூறப்போவதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். ஹெட்போன் கம்பி ஒலியைக் காதுக்குக் கொண்டுசெல்லும் வழி மட்டுமன்று. கைப்பேசியிலுள்ள பண்பலை வானொலிக்கு, அதாவது எஃப்.எம். வானொலிக்கு, அதுவே ஏரியலும் ஆகும். கைப்பேசியில் எஃப்.எம். திறக்கும்போது 'ஹெட்போனைச் செருகுக' என்று ஓர் அறிவிப்புத் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். அதன் காரணம் இதுவே.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். வானலை விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைகிறது. பண்பலை நிலையங்கள் 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. அஃதாவது விநாடிக்குப் பத்துக் கோடி அலைகள். வேகத்தை இவ்வெண்ணால் வகுத்தால் ஓரலையின் நீளம் மூன்று மீட்டர் என வரும். ஏரியல் நன்கு வேலை செய்ய அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்காவது இருப்பது நலம். இங்கே அது 75 சென்டிமீட்டர். ஒரு மீட்டரளவுள்ள ஹெட்போன் கம்பி இதற்கு இயல்பாகவே பொருந்திவிடுகிறது. புளூடூத் அலையின் நீளமோ பன்னிரண்டரைச் சென்டிமீட்டர். அதன் கால்பங்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். அத்துணைச் சிறிய ஏரியலைக் கருவிக்குள்ளேயே மறைத்துவிடலாம்; பண்பலைக்குரிய நீளத்தை அவ்வாறு எளிதில் அடக்க இயலாது. ஒரே கம்பியில் ஒலியும் வானலையும் எதிரெதிராகச் செல்வது எவ்வாறு என்று வினவலாம். ஒலிக்குரிய மின்னோட்டம் விநாடிக்கு இருபதாயிரம் முறைக்குமேல் அதிர்வதில்லை. வானலையோ பத்துக் கோடி முறை அதிர்கிறது. சிறியதொரு வடிகட்டி இரண்டையும் எளிதில் பிரித்துவிடும்.

எனவே, துளை போனதும் கம்பி போயிற்று. கம்பி போனதும் ஏரியல் போயிற்று. ஏரியல் போனதும் வானொலி போயிற்று. பல கைப்பேசிகளின் சில்லினுள் எஃப்.எம். வாங்கும் ஆற்றல் இருந்தும், அதனை ஏரியலோடு இணைக்காது விட்டுவிடுகின்றனர். சிலவற்றில் அவ்வாற்றலே வைக்கப்படுவதில்லை. 2017இல் அமெரிக்காவில் பெரும்புயல்கள் வீசியபோது, ஐபோன்களில் எஃப்.எம். வானொலியை இயக்கிவிடுமாறு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவர் ஆப்பிளைக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் அதற்குரிய சில்லும் இல்லை, ஏரியலும் இல்லை என்று அந்நிறுவனம் விடையளித்தது.

புயற்காலத்தில் வானொலியை நினைப்பது ஏன்? கைப்பேசிக் கோபுரம் ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் இணைப்பும் வேண்டும். வெள்ளம் வந்தால் பல கோபுரங்கள் ஒரே வேளையில் ஓய்ந்துவிடக்கூடும். எஞ்சியவற்றில் அனைவரும் ஒருசேர அழைப்பதால் நெரிசல் ஏற்படும். வானொலிக்கு அந்நெரிசல் இல்லை. பத்துப்பேர் கேட்டாலும் பத்து இலட்சம்பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்குச் சுமை ஒன்றே. 2015 டிசம்பரில் சென்னையையும் கடலூரையும் வெள்ளம் சூழ்ந்தபோது கைப்பேசித் தொடர்பு அறுந்து உறவினரின் நிலை அறியாது தவித்தவர் வெளிமாநிலத் தமிழருள் எத்துணையோ பேர். கடலூர் மாவட்டத்தில் அப்போது 107.8 மெகாஹெர்ட்ஸில் தற்காலிகமான பேரிடர் வானொலி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. புனேயிலும் 2024 ஜூலையில் பெருமழை பெய்து, கடக்வாஸ்லா அணையிலிருந்து நீர் திறக்கப்பட, முட்டா ஆற்றங்கரைக் குடியிருப்புகளுள் வெள்ளம் புகுந்தது. பவனா, இந்திராயணி ஆறுகள் பாயும் பிம்ப்ரி–சிஞ்ச்வட் பகுதியினரும் மழைக்காலத்தில் விழிப்போடு இருக்க வேண்டியவர்களே.

இதனை நம் அரசாங்கமும் கருதியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைப்பேசித் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு அறிவுரை ஒன்றை அனுப்பியது. பேரிடர்க் காலத்தில் வானொலியின் பயனையும், கட்டணமின்றி அதனை நம்பியிருக்கும் எளியோரையும் சுட்டி, எஃப்.எம். வசதியுள்ள கைப்பேசிகளில் அதனை முடக்காது வைத்திருக்குமாறு அது கூறியது. அதே மாதம் 28ஆம் நாள், நாட்டின் பல பகுதிகளில் நூறு வாட் ஆற்றலுள்ள 91 பண்பலை ஒலிபரப்பிகள் தொடங்கி வைக்கப்பட்டன. ஒருபுறம் ஒலிபரப்பி பெருகுகிறது. மறுபுறம் அதனைக் கேட்கும் கருவி கையிலிருந்து நழுவுகிறது. அறிவுரை வசதியைக் காக்கச் சொல்கிறதேயன்றித் துளையை வைக்கச் சொல்லவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கே நிக்டிவாழ் தமிழர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பலாம். "புனேயில் எஃப்.எம். திறந்தால் மராட்டியும் இந்தியும்தானே வருகின்றன? தமிழ் கேட்க இணையம் போதாதா?" என்பதே அது. உண்மைதான். ஒரு காலத்தில் வெளிமாநிலத் தமிழர் சிற்றலையில் இலங்கை வானொலியையும், இரவு வேளையில் மத்திய அலையில் தமிழ்நாட்டு நிலையங்களையும் தேடித் தேடிக் கேட்டனர். பண்பலையோ சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் செல்லாது. சென்னையின் பண்பலை நிக்டிக்கு எட்டாது. ஆகாசவாணியின் தமிழ் ஒலிபரப்புகளை இன்று 'நியூஸ் ஆன் ஏர்' செயலி வழியாக இணையத்தில் தெளிவாகக் கேட்கலாம். அது பெரும்பேறே.

ஆனால் நாம் இரண்டு ஊர்களில் வாழ்பவர்கள். மனம் வாழும் ஊரின் செய்தி இணையத்தில் வருகிறது. உடல் வாழும் ஊரின் செய்தி காற்றில் வருகிறது. அணை திறக்கும் செய்தியும், மலைப்பாதையில் மண் சரிந்து இரயில் நின்ற செய்தியும், பள்ளிக்கு விடுமுறை என்ற செய்தியும் முதலில் மராட்டியில்தான் ஒலிக்கும். புனே வானொலி நிலையம் 1953 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது முதல் அம்மண்ணின் மொழியை வீடுதோறும் கொண்டுசேர்த்து வருகிறது. புதிதாக வந்தவர் ஒருவர் அம்மொழியைச் செவிவழிக் கற்க அதனினும் மலிவான ஆசிரியரைக் காண்பது அரிது. இணையத்துக்கு மாதந்தோறும் கட்டணம் உண்டு, காற்றுக்குக் கட்டணமில்லை.

ஆதலின் கைப்பேசி வாங்கச் செல்வோர் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. முதலாவது, வட்டத்துளை உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, அதிலுள்ள எஃப்.எம். உண்மையில் காற்றிலிருந்து வாங்குவதா, இணையத்திலிருந்து வாங்குவதா என்று அறிய வேண்டும். மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு இயக்கினால் விடை உடனே தெரிந்துவிடும். மூன்றாவது, துளையில்லாக் கருவியாயின் டைப்-சி முனையில் பொருந்தும் மாற்று இணைப்பியைக் கடையிலேயே செருகிப் பார்த்து வாங்க வேண்டும். சில கருவிகள் ஒலி மின்னோட்டத்தை அம்முனையில் நேராகத் தருகின்றன, சில தருவதில்லை. தராதவற்றுக்கு, எண்ணை ஒலியாக மாற்றும் சில்லு உள்ள இணைப்பியே வேண்டும். உருவில் ஒன்றுபோல் இருப்பினும் ஒன்றிற்குரியது மற்றொன்றில் வாய்திறவாது. டைப்-சி ஹெட்போன் கம்பியையே ஏரியலாகக் கொண்டு எஃப்.எம். பாடும் கருவிகளும் சில உள்ளன. நான்காவது, இவை யாதும் வாய்க்காவிடின், பென்சில் பேட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பொத்தான் கைப்பேசிகள் சிலவற்றில் ஹெட்போன் செருகாமலேயே எஃப்.எம். கேட்கும் வசதி உண்டு. பழைய கருவியாயிற்றே என்று அதனை எறிந்துவிட வேண்டா.

கம்பியில்லாக் கருவியை வாங்க வேண்டா என்று நாம் கூறவில்லை. காலத்தோடு கருவிகள் மாறுவது இயல்பே; படிகப் பெட்டியும் டிரங்க் பலகையும் மறைந்ததற்காக இன்று வருந்துவார் இல்லை. ஆனால் மறைந்தது எது, அதனோடு சேர்ந்து மறைந்தது எது என்பதை வாங்குவோர் அறிந்திருப்பது அவர்தம் உரிமை. அறிந்தபின் வேண்டுவதைத் தேர்ந்தெடுக்கட்டும். மழைக்கால இரவொன்றில் மின்சாரம் நின்று, கைப்பேசியில் 'நெட்வொர்க் இல்லை' என்னும் சொற்கள் தோன்றும் வேளையில், அறையிலுள்ள நால்வருள் ஒருவரிடமேனும் காற்றின் குரலைக் கேட்கும் கருவி ஒன்று இருக்குமாயின், அது நால்வருக்கும் போதும்.